பாகவதர் எப்போது இறந்தார்?

எம். கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 49. இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. ஆனால் எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பழைய ரசிகர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பார்த்தால் எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “59-ல் செத்தது வெறும் உடம்பு. ஆள் 44-லேயே போயாச்சு” என்பார் ஒருவர். “பாகவதராவது, சாகவாவது!” என்று கோபித்துக்கொள்வார் இன்னொருவர். மூன்றாவது ஆள் வெற்றிலையை மென்றுகொண்டே, “கொலைக் கேஸில் மாட்டினவர்தானே?” என்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் பிறந்தது இதற்கெல்லாம் இருபது வருஷம் கழித்து. இந்தப் பேச்சுக்களைச் சிறு வயதில் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

மானாவாரிக் காட்டில் மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குச் சினிமாப் பாட்டில் என்ன அவ்வளவு பிடிப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இந்தச் சீமையில் சங்கீத சபை கிடையாது. பாட்டு என்றால் பங்குனிப் பொங்கலுக்குப் போடுகிற ஸ்பெஷல் நாடகம்; அதை விட்டால் டூரிங் டாக்கீஸ். ராஜபார்ட் நடிகர்கள் பாகவதரைப் போலவே தோள்வரை முடி வளர்த்து, அவர் மெட்டுக்களையே வள்ளி திருமணத்தில் நுழைத்துப் பாடினார்கள். வேடன் வேஷத்தில் வந்த முருகன் ‘சிந்தாமணி’ மெட்டில் பாடினால் யாரும் ஆட்சேபிக்கவில்லை, ‘ஒன்ஸ்மோர்’தான் கேட்டார்கள். நெசவுத் தெருவில் நாடா ஓடுகிற தாளத்துக்கு அந்தப் பாட்டுக்கள் ஒத்துப்போயின. கர்நாடக ராகங்களைப் பேர் தெரியாமலே எங்கள் ஜனங்கள் கற்றுக்கொண்டது அவர் மூலமாகத்தான். இப்படி ஒருவர் நாவிலும் காதிலும் குடியேறிவிட்டால் அவருடைய சாவு பத்திரிகைச் செய்தியோடு முடிவதில்லை. சொந்தக்காரன் சாவைப் போல் அதிலும் பங்காளிச் சண்டை வந்துவிடுகிறது.

சண்டைக்குக் காரணமான சமாசாரம் தெரிந்ததுதான். 1944 நவம்பரில், ‘இந்து நேசன்’ என்ற அவதூறுப் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் குத்தப்பட்டு இறந்தான். பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய், 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். சிறைக்குள் அவர் இருந்தபோது வெளியே ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. விடுதலையான பிறகு எடுத்த படங்கள் எதுவும் அப்படி ஓடவில்லை.

இதை வைத்துக்கொண்டு நம் ஜனங்கள் ஒரு கதை கட்டிவிட்டார்கள். தங்கத் தட்டில் சாப்பிட்டவர், கர்வத்தால் வீழ்ந்தார், கண்ணும் மங்கிக் கையில் காசில்லாமல் இறந்தார் என்று. அவரைத் தூற்றுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்; அவருக்காக அழுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு கட்சியிடமும் மனஸ்தாபம் உண்டு. அழுகிறவர்கள் பேரில் கொஞ்சம் அதிகம். ‘ஹரிதாஸ்’ படத்தில் அகம்பாவியாகத் திரிந்து, காலை இழந்து, பக்தனாகிற பாத்திரம் அவருக்கு. அந்தப் படக்கதையை எடுத்து மனிதர் மேலேயே போர்த்திவிட்டு, ‘பார்த்தாயா, விதி!’ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்தச் சுகத்துக்கும் சங்கீத ரசனைக்கும் சம்பந்தமில்லை.

கர்வமும் சிறையும்தான் அவரைக் கவிழ்த்தன என்றால், என். எஸ். கிருஷ்ணனுக்கு என்ன பதில்? அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. ஆனால் கிருஷ்ணனை ஜனங்கள் இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார்கள். 1949-ல் ‘நல்லதம்பி’, 1951-ல் ‘மணமகள்’ என்று அவர் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனார். 1957-ல் அவர் இறந்தபோது, ‘இவர் முன்னாலேயே செத்தவர்’ என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே ஜனங்கள் சிறைக்குப் போனவரை வெறுத்தார்கள் என்பது பொருந்தவில்லை.

மாறிப்போனது சினிமாதான். 1934-ல் ‘பவளக்கொடி’ வந்தபோது அதில் ஏறக்குறைய ஐம்பது பாட்டு. கதாநாயகன் என்றால் பாட வேண்டும். பேசுவது இரண்டாம் பட்சம். பாகவதர் வெளியே வருவதற்குள் நாட்டில் பேச்சு வளர்ந்துவிட்டது. மேடையில் பேச்சு, படத்தில் வசனம். 1952-ல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்த அதே வருஷம் ‘பராசக்தி’ வந்தது. அதிலும் பாட்டுக்கள் இருந்தன. ஆனால் கதாநாயகன் வாயசைத்தான், பாடியவர் சி. எஸ். ஜெயராமன். நடிப்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆனபிறகு, இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்தவருக்கு இடம் எங்கே? சிரிப்பும் பேச்சுமாக இருந்த கிருஷ்ணன் புதிய காலத்தோடு சேர்ந்துகொண்டார். பாகவதரால் அது முடியவில்லை. அவர் குரல் கெட்டுவிட்டது என்பது கதை. 1948-ல் வந்த ‘ராஜமுக்தி’ பாட்டுக்களைக் கேட்டுப் பாருங்கள்; குரல் அப்படியே இருக்கிறது. (அந்தப் படத்துக்கு வசனம் எழுதப் புனா போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி அதே வருஷம் இறந்தார். எழுதுகிறவன் என்ற முறையில், பாகவதரின் தோல்விகளில் எனக்கு மறக்க முடியாதது அது.)

பாகவதர் இறப்பதற்கு 24 நாள் முன்னால், அக்டோபர் 8-ந் தேதி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இறந்தார். வயது 29. இந்தச் சாவைப் பற்றி எங்கள் பெரியவர்களிடம் சண்டை கிடையாது. அதுதான் விசித்திரம். கட்சிக்காரர்கள் அழுதார்கள், படித்தவர்கள் வருந்தினார்கள். மற்றவர்களுக்குச் செத்தது யார் என்றே புரியவில்லை. ‘நாடோடி மன்னன்’ பாட்டை வாய் ஓயாமல் பாடியவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு அது எம். ஜி. ஆர். பாட்டு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கவிஞர் பெயர் அச்சாகித்தான் இருந்தது. புத்தகத்தை அட்டைப்படத்துக்காக வாங்கினார்கள். பாகவதர் பாட்டுக்கும் இதே கதிதான். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதி, மெட்டும் போட்டுக் கொடுத்தவர் பாபநாசம் சிவன். பாகவதருக்கு அப்புறம் 14 வருஷம் இருந்து 1973-ல் அவர் காலமானார். ‘ஹரிதாஸ்’ என்று சொன்னால் கண்கலங்குகிற ஒரு பெரியவர், சிவன் யார் என்று என்னையே கேட்டார். பாடுகிறவனைத் தெய்வம் என்றும் பாவி என்றும் மாற்றி மாற்றிப் பேசத் தெரிந்த நமக்கு, எழுதுகிறவனைத் திட்டுவதற்குக்கூடத் தோன்றுவதில்லை.

இறந்துபோன இருவரின் வேலையும் 1960-ல் மறுபடி படக்கொட்டகைக்கு வந்தது. பாகவதர் நடித்து முடித்திருந்த ‘சிவகாமி’ வந்தது. எஸ். எஸ். வாசன் எடுத்த ‘இரும்புத்திரை’ வந்தது. அது மில் தொழிலாளர் கதை. கூலிக்காரன் சம்பளம் எங்கே போய் மறைகிறது என்பதைப் பற்றிப் பட்டுக்கோட்டை எழுதிய பாட்டு அதில் இருக்கிறது. எங்கள் தெருவில் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அதை ரொம்ப வருஷம் பாடினார்கள், நானே கேட்டிருக்கிறேன். ‘சிவகாமி’ பார்த்தீர்களா என்று பாகவதரின் பரம பக்தர்கள் நாலைந்து பேரை விசாரித்திருக்கிறேன். அதில் ஒருவர்தான் பார்த்திருந்தார். இரண்டாவது ஆட்டம், தரை டிக்கெட், மணல் பாதி காலியாகக் கிடந்தது என்றார்.