நடுவில் எவ்வளவு நேரம்?

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசைக்கு வரும் துணி எளிதில் தப்பிக்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, திருப்பி, தையல் விட்ட இடத்திலும் எண்ணெய்க் கறையிலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். மனநல ஆலோசகர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் நடக்கும் கேஸ் சூப்பர்விஷனும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இளையவர் கேஸைச் சொல்வார், மூத்தவர் ஸ்டிக்கர் ஒட்டுவார். அப்படி நடப்பவையும் உண்டு, சகிக்காது. நன்றாக நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஈடாக நான் ரசிக்கும் கலை வேறு அதிகமில்லை. இரண்டு பேர் அறையில் இல்லாத மூன்றாவது ஆளைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது.

ஒரு கேஸைக் கற்பனை செய்துகொள்வோம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும், தேனிப் பக்கத்திலிருந்து வந்த 19 வயதுப் பெண். தூக்கமில்லை, ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. அவளைப் பார்க்கப் போகும் ஆலோசகர் கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர். நடந்த பேச்சை ஞாபகத்திலிருந்து வரிக்கு வரி எழுதி வந்து மூத்தவரிடம் வாசிக்கிறார். (படிக்கிற காலத்தில் ஃபீல்டு ஒர்க் ரிப்போர்ட்டில் இப்படி எழுதச் சொன்னால் மாணவர்களுக்குக் கசக்கும். வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.)

“‘ஊருக்குப் போனா அப்பா திரும்பவும் அனுப்பிடுவாரு’ன்னு சொன்னாளுங்க மேடம். ‘கவலைப்படாதே, வார்டன்கிட்ட நான் பேசறேன்’னு சொன்னனுங்க.”

மூத்தவரின் முதல் கேள்வியில் கலை எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது: “செத்துடலாம்னு ஏதாச்சும் சொன்னாளா?” உயிருக்கு ஆபத்து என்றால் ரசனையை மூட்டை கட்டிவிட்டு எழுந்து ஓட வேண்டியதுதான். அந்தப் பெண் 18 வயதுக்குக் கீழே இருந்து, பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இங்கே இரண்டும் இல்லை என்று தெளிந்த பிறகு அடுத்த கேள்வி வருகிறது.

“அவ சொன்னதுக்கும் நீ பதில் சொன்னதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்துச்சு கண்ணு?”

இதில் ‘அவசரப்பட்டுட்டே’ என்ற குற்றச்சாட்டு இல்லை. எதிர்த்து வாதாட இடமும் இல்லை. பதில் சொல்ல வேண்டுமானால் மனதால் அந்த ஹாஸ்டல் அறைக்குத் திரும்பிப் போய், அந்தப் பெண்ணுக்கு எதிரே மறுபடி உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஆலோசகரே சொல்கிறார்: “நேரமே இல்லீங்க. அப்பா எதுக்குத் திரும்ப அனுப்பறாருன்னு நான் கேக்கவே இல்லீங்களே.”

இதைவிட நுட்பமான ஓரிடம் உண்டு. ஹரால்ட் சீர்ல்ஸ் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் 1955இல் எழுதினார்: சிகிச்சை பெறுபவருக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே ஓடும் உணர்ச்சி, சிகிச்சையாளர் தன் மேற்பார்வையாளர் முன் உட்காரும்போது அங்கேயும் தலைகாட்டும். நம் கேஸில் அது அவசரம். அந்தப் பெண்ணுக்கு ஷிஃப்ட் தொடங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும். ஆலோசகர், “நாளைக்கே போகோணுங்க, என்ன பண்றதுன்னு சொல்லுங்க மேடம்” என்கிறார். மூத்தவருக்கும் பதிலைத் தூக்கிக் கொடுத்துவிட நாக்கு துடிக்கிறது. பீஸ் ரேட்டும் ஷிப்மென்ட் தேதியும் ஆளும் ஊரில் இந்த அவசரம் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. தன் நாக்கு துடிப்பதைத் தானே கவனித்து, இது யாரிடமிருந்து புறப்பட்டு வந்தது என்று யோசிப்பவரைத்தான் நான் கைதேர்ந்தவர் என்பேன்.

கேஸ் சூப்பர்விஷன் என்ற இந்த வழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மருத்துவமனையில் இது பயிற்சியின் அங்கமாக வளர்ந்தது. சமூகப் பணியில் மேற்பார்வை பற்றி வர்ஜீனியா ராபின்சன் புத்தகம் போட்டது 1936இல். பம்பாயில் டாடா சமூகப் பணிப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டு. 1976இல் ஆல்ஃபிரட் கடுஷின் மேற்பார்வையாளரின் வேலையை நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப்பிடித்தல் என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. மாதம் எத்தனை பேருக்குக் கவுன்சலிங் கொடுத்தாய் என்று டார்கெட் கேட்பவரிடமே, எனக்கு அந்தப் பெண் மேல் எரிச்சல் வந்தது என்று யார் சொல்வார்கள்?

மூத்தவர் கிடைக்காத ஊர்களுக்குக் கோவாவில் ஒரு வழி இருக்கிறது. அங்கே சங்கத் என்ற அமைப்பு உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆலோசனை வழங்க வைத்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு, 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது, பலன் இருந்தது. எனக்குப் பிடித்தது முடிவைவிட அதன் பின்னால் நடந்த வேலை. ஆலோசகர்கள் ஒருவர் பேச்சின் ஒலிப்பதிவை மற்றவர்கள் கேட்டு, குழுவாக உட்கார்ந்து, தங்களுக்குள்ளேயே மதிப்பிட்டுப் பழகினார்கள். வேலம்பாளையம், அவிநாசி, பல்லடம் என்று சிதறிக் கிடக்கும் நாலைந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால் இங்கேயும் இது முடியும்.

ஒலிப்பதிவு மட்டும் இங்கே சிக்கல். சம்மதம் வாங்கினாலும் ஹாஸ்டல் பெண்ணுக்கு எதிரே செல்போனை ‘ரெக்கார்ட்’ போட்டு வைத்தால் அவள் வாய் திறப்பாளா? கையால் எழுதிய பதிவே போதும் என்பது என் கட்சி. அது பலவற்றை மறக்கும்தான். ஆனால் எதை மறந்தது என்று தேடுவதில் பாதிப் பாடம் இருக்கிறது.

சூப்பர்விஷன் பலிக்கிறதா என்று பார்க்கவும் அந்தப் பதிவுகளே உதவும். மூன்று மாதத் தாள்களை வரிசையாக அடுக்கினால், ஆரம்பத்தில் ‘நான் எடுத்துச் சொன்னேன்’ என்று ஆலோசகரின் பேச்சே பக்கத்தை நிறைத்திருக்கும்; அந்தப் பெண் ‘அழுதாள்’, ‘சரி என்றாள்’ என்று இரண்டு வார்த்தையில் முடிந்திருப்பாள். போகப்போக ஆலோசகரின் வரிகள் குறையும். அப்பாவின் கடன் எவ்வளவு, தங்கை எந்த வகுப்பு, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் பேச்சிலேயே தாளுக்கு வந்துசேரும்.