சின்ஸ், ஃபார், அப்புறம் நம்ம 'தான்': ரென் அண்ட் மார்ட்டினை மறுபடி படித்தபோது

அக்காவிடமிருந்து எனக்கு வந்த ரென் அண்ட் மார்ட்டினுக்கு அட்டை கிடையாது. அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்காணலுக்குப் போனேன். 'ஐ ஆம் லிவிங் இன் திருத்தணி சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்' என்றேன். கேட்டவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். வேலை போனது பெரிசில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை.

போன மாசம் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன், பழி தீர்க்கிற மாதிரி. ஆனால் முதலில் பாராட்டத்தான் தோன்றியது. இதை எழுதிய பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' (1924) என்ற சாகச நாவலால் புகழ்பெற்றவர். கதைக்காரர் என்றாலும் இலக்கணத்தில் கதை விடுவதில்லை. சின்ன விதி, ரெண்டு உதாரணம், உடனே பயிற்சி. வாத்தியார் இல்லாத ஊரிலும் ஒரு பிள்ளை தனியாகப் படித்துவிடலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

அப்புறம் ஏன் தப்பு வந்தது? காலப்புள்ளிக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்' என்ற விதி எனக்கு அன்றைக்கே தெரியும். பயிற்சியில் முழு மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் வாய் திறந்தால் வருவது வேறு இலக்கணம். 'இருபது வருஷமா இங்க இருக்கேன்' என்கிறோம். தமிழில் இதற்கு நிகழ்காலமே போதும். 'ஆக' மீதியைப் பார்த்துக்கொள்ளும். 'ஹேவ் பீன்' என்று எதையும் ஒட்ட வேண்டியதில்லை. நான் இலக்கணம் இல்லாமல் பேசவில்லை, இன்னொரு இலக்கணத்தில் பேசினேன்.

'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்பதும் அப்படித்தான். அது 'இங்கேதான் இருக்கேன்'. எல்லா வாக்கியத்துக்கும் ஒரே 'இஸின்ட் இட்' போடுவதும் இதே கதை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஓடும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழில் 'இல்ல?', தெலுங்கில் 'கதா?'. வினை எதுவானாலும் ஒட்டு ஒன்றுதான். ரெண்டு மொழியும் சேர்ந்து சொல்லிக்கொடுத்ததை ஆங்கிலத்துக்காக எப்படி ஒரே நாளில் மறப்பது?

எனக்குப் பிடித்த உதாரணம் 'தி'. தமிழர்களுக்கு அது வராது என்பார்கள். 'புக் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புக். 'புக்கை வாங்கினேன்' என்றால் நமக்குத் தெரிந்த அந்த புக். அஃறிணையில் இந்த 'ஐ' பல இடங்களில் 'தி' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஏற்கெனவே தெரிந்த, குறிப்பிட்ட பொருளுக்கு 'தி' என்று ரென் அண்ட் மார்ட்டினும் சொல்கிறது. யாராவது வகுப்பில் இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டிருக்கும்.

புத்தகத்தின் குறை இதுதான். அதற்கு மாணவனின் தாய்மொழி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பல மொழி பேசும் நாடு முழுக்கப் போகிற புத்தகத்திடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வகுப்பறை. அங்கே எங்களுக்குக் கிடைத்தது நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி மட்டும்.

'அப்போ தப்பே இல்லையா?' என்று கேட்பீர்கள். தேர்விலும் நேர்காணலிலும் தப்புதான். விதியைக் கற்றே ஆகணும். ஆனால் விதிகளும் கல்வெட்டு இல்லை. நம் ஊர் ஆபீஸ்களில் புழங்கும் 'ப்ரீபோன்' இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. கால மாற்றத்தில் வழக்கு மாறுவது குற்றமில்லை என்று நம் நன்னூலே ஒப்புக்கொள்கிறது.

இந்த ஊர்ப் பள்ளியில் படித்த ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அவரைக் காட்டித்தான் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். பெருமைதான். ஆனால் அவர் படம் மாட்டிய வகுப்பில் ஒரு பிள்ளை 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று சொன்னால் சிரிக்காமல், 'தமிழ்ல எப்படிச் சொல்வே, சொல்லு பாப்போம்' என்று ஒருத்தர் கேட்டால் போதும்.

இப்போது மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் என்னிடம் வருகிறார்கள். அட்டை இல்லாத அதே புத்தகம்தான். முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன்.