நூறைக் கழித்தால் வருவது யாருடைய எடை?

உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துக்கொண்டு அதில் நூறைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை. இந்தக் கணக்கு நம் ஊரில் ஜிம் பயிற்சியாளர் முதல் குடும்ப டாக்டர் வரை எல்லார் வாயிலும் புழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய சூத்திரம் இது. உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வருகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கடைசியில் எத்தனை கிலோவுக்கு வருவேன்?" என்பது. பதிலாக இந்தச் சூத்திரமோ, அதைவிட நாகரிகமான பி.எம்.ஐ. அட்டவணையோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். 160 செ.மீ. உயரமும் 150 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு புரோக்கா கணக்கில் 60 கிலோ, பி.எம்.ஐ. 25 கணக்கில் 64 கிலோ. அறுவை நடந்த உடல் அந்த எண்ணை எட்டுவது அரிது. எட்டாமல் போனால் அதைத் தோல்வி என்று கணக்கெழுதுவதும் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தைத்தான் இங்கே தராசில் வைக்க வேண்டியிருக்கிறது.

அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி மரியாதை குறைந்துவிடும். உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்கும் யோசனை 1830களில் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லேவிடமிருந்து வந்தது. அவர் தேடியது சராசரி மனிதனை. நோயாளி அவர் கவலையில் இல்லை. 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தபோதும் மக்கள்தொகை ஆய்வுகளுக்கான கருவியாகத்தான் அதைப் பரிந்துரைத்தார். அவர் அளந்து பார்த்தது முழுக்க ஆண்களை. 'இலட்சிய எடை' என்ற சொல்லோ மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் சரக்கு. பாலிசி எடுத்தவர்களில் எந்த எடைக்காரர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்து 1940களில் அது ஓர் அட்டவணை போட்டது. 1959இல் அதைத் திருத்தி 'விரும்பத்தக்க எடை' என்றது. 1983இல் மறுபடி திருத்தியபோது அந்த அடைமொழியையும் கைவிட்டு, வெறும் உயர-எடை அட்டவணை என்று மட்டும் போட்டது. அந்தக் கடைசி அட்டவணையின் எடையில் வீட்டு உடையின் எடையும், உயரத்தில் ஓர் அங்குலக் குதிகால் செருப்பும் சேர்த்தி. காப்பீட்டு நிறுவனமே தயங்கி விட்டுவிட்ட 'இலட்சியம்' என்ற சொல்லை அறுவை மருத்துவம் எடுத்து வைத்துக்கொண்டது. இலட்சிய எடைக்கு மேல் இருப்பதெல்லாம் 'மிகை எடை', அறுவைக்குப் பின் அந்த மிகையில் எத்தனை சதவீதம் கரைந்தது என்பதே வெற்றியின் அளவு, 50 சதவீதம் தேர்ச்சி மதிப்பெண் என்று பல பத்தாண்டுகள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டன.

அந்த மதிப்பெண் முறையின் கோணலை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரே உயரம், 160 செ.மீ., உள்ள இரண்டு பெண்கள். ஒருவர் 100 கிலோ, மற்றவர் 150 கிலோ. இருவருக்கும் ஒரே அறுவை. இருவரும் தம் மொத்த எடையில் 30 சதவீதம் இழக்கிறார்கள். நல்ல அறுவைக்குப் பின் முதல் ஒன்றிரண்டு ஆண்டில் எதிர்பார்க்கக்கூடிய அளவுதான் அது. முதலாமவர் 30 கிலோ இறங்கி 70க்கு வருகிறார், இரண்டாமவர் 45 கிலோ இறங்கி 105க்கு வருகிறார். பி.எம்.ஐ. 25ஐ இலக்காக வைத்தால் முதலாமவரின் மிகை எடை 36 கிலோ. அதில் 83 சதவீதம் போய்விட்டது, அமோக வெற்றி. இரண்டாமவரின் மிகை எடை 86 கிலோ. கரைந்தது 52 சதவீதம், தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. இந்தியர்களுக்கு 23தான் சரியான எல்லை என்று அளவுகோலை மாற்றினால் இலக்கு 59 கிலோவாகிறது. அதே 45 கிலோ இப்போது 49 சதவீதம், தோல்வி. அந்தப் பெண்ணின் உடலில் ஒரு கிராம்கூட மாறவில்லை. மாறியது மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த காகிதம். அதிக கிலோவை இழந்தவரே அதிகம் தோற்றவராகும் இந்த முறை, கூடுதல் எடையோடு வருகிறவர்களை அறுவைக்கு முன்பே பின்வரிசையில் உட்காரவைத்துவிடுகிறது.

உடல் உண்மையில் எங்கே போய் நிற்கிறது என்பதற்கு நீண்டகாலச் சான்று இருக்கிறது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு அறுவை செய்துகொண்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேரையும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் அறுவை செய்துகொள்ளாதவர்களையும் இருபது ஆண்டுவரை பின்தொடர்ந்தது. அறுவைக் குழுவின் சராசரி எடை 2 ஆண்டில் 23 சதவீதம் இறங்கி, 10 ஆண்டில் அந்த இறக்கம் 17 சதவீதமாகச் சுருங்கி, 20 ஆண்டில் 18 சதவீதத்தை ஒட்டி நின்றது. இரைப்பையைப் பட்டையால் இறுக்கும் பழைய முறைகளும் அதில் சேர்ந்திருந்ததால் சராசரி தாழ்ந்தது. இரைப்பை பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்கள் 10 ஆண்டில் 25 சதவீதக் குறைவில் நின்றார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்விலும் வடிவம் இதுவே. 2 ஆண்டில் சராசரியாக 45 கிலோ இறக்கம், 6 ஆண்டில் 36 கிலோ, 12 ஆண்டில் 35 கிலோ. முதலில் ஆழமாக ஒரு சரிவு, பிறகு கொஞ்சம் ஏற்றம், அதன்பின் நீண்ட சமவெளி. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் தணிவதும், குடலிலிருந்து வயிறு நிறைந்த சேதி சொல்லும் ஹார்மோன்கள் பெருகுவதும் உடல் காத்துக்கொள்ள நினைக்கும் எடையைக் கீழே இறக்குகின்றன. ஆனால் இருபது வயதில் இருந்த இடம்வரை இறக்குவதில்லை. எடை குறைந்த உடல் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் கற்றுக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டில் தராசு காட்டிய ஆகக் குறைந்த எண்ணை நிரந்தர இலக்காக எழுதிவைத்தவர், ஐந்தாம் ஆண்டில் தன் உடலின் இயல்பையே தன் குற்றமாகப் படிப்பார்.

சுவீடன் ஆய்வு தரும் இன்னொரு தகவல்தான் என் வாதத்துக்கு அச்சாணி. அங்கே அறுவைக் குழுவின் தொடக்க பி.எம்.ஐ. சராசரியாக 42 அளவில் இருந்தது. அதில் 16, 17 சதவீதம் கழிந்தாலும் 35ஐ ஒட்டித்தான் வரும். அட்டவணைப்படி அவர்கள் சராசரியாக இன்னும் பருமனானவர்களே. ஆனால் 2007இல் வெளியான முடிவுகளின்படி, அறுவை செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களிடையே இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தது. எந்த எண்ணை எட்டவில்லை என்பதற்காக ஒருவர் தன்னைத் தோற்றவராக நினைக்கிறாரோ, அந்த எண்ணை எட்டாமலே ஆயுள் நீண்டிருக்கிறது.

இதனால் இலக்கு எடையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நல்ல பயன்கள் உண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அப்படி ஒரு காரியத்துக்குச் சம்மதம் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று தோராயமாகவாவது எண்ணில் தெரிய வேண்டும். பி.எம்.ஐ. 40க்கு மேலிருந்தால் மூட்டு மாற்று அறுவையைத் தள்ளிப்போடும் மருத்துவமனைகள் பல. சிறுநீரக மாற்றுக்கும் மையத்துக்கு மையம் எல்லை உண்டு. அங்கே குறிப்பிட்ட கிலோ என்பது வாசல்கதவின் உயரம் போல. தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். எடை திரும்ப ஏறுவதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் வீட்டுத் தராசுதான். தராசைப் பரணில் போடச் சொல்லும் தரப்பு இந்த எளிய சாதனத்தின் மலிவை மறந்துவிடுகிறது. கனடா மருத்துவர்கள் ஆர்யா சர்மாவும் யோனி ஃப்ரீட்ஹாஃபும் 2010இல் முன்வைத்த 'சிறந்த எடை' என்ற கருத்து, ஒருவர் விரும்பி வாழக்கூடிய ஆரோக்கியமான வாழ்க்கையில் எங்கே எடை நிற்கிறதோ அதுவே அவருக்கு நல்ல எடை என்கிறது. மனிதத்தன்மையுள்ள கருத்துதான். ஆனால் அறுவைக்கு முன்பு உட்கார்ந்திருப்பவரிடம் அதை மட்டும் சொன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவியதாகவே ஆகும்.

வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை உடல் பருமனைப் பற்றிய கட்டுக்கதைகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, எட்டக்கூடிய இலக்கு வைக்காவிட்டால் நோயாளி சோர்ந்துபோய் குறைவாகவே இளைப்பார் என்ற நம்பிக்கை. ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பெரிய கனவோடு வந்தவர்கள் சில ஆய்வுகளில் கூடுதலாகவே இளைத்திருந்தார்கள். அப்படியிருக்க, கனவை ஏன் கத்தரிக்க வேண்டும்? இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டுச் சிகிச்சைகளிலிருந்து வந்தது. அங்கே கனவு கைகூடாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி தொடங்கலாம். போகட்டும், கிலோ கணக்கில் இழப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இழப்பு தீர்ப்பில் இருக்கிறது. 1997இல் கேரி ஃபாஸ்டர் குழுவினர் உடல் பருமனுள்ள 60 பெண்களிடம் எவ்வளவு இளைக்க ஆசை என்று கேட்டார்கள். சராசரி ஆசை மொத்த எடையில் 32 சதவீதம். 17 கிலோ குறைந்தால் ஏமாற்றம்தான் என்றார்கள். 48 வார சிகிச்சைக்குப் பின் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது. மருத்துவக் கண்ணோட்டத்தில் அருமையான பலன். ஆனால் பாதிப் பேருக்கு, தாங்களே 'ஏமாற்றம்' என்று குறித்த எண்கூடக் கிட்டவில்லை. அவர்கள் ஆசைப்பட்ட அந்த 32 சதவீதம், அறுவை செய்தவர்களே முதல் இரண்டு ஆண்டில் தொட்டுவிட்டுத் திரும்பும் உயரம். அறுவைக்குப் போகிறவர்களின் ஆசை அதற்கும் மேலே ஏறும். தேவையில்லாத இரண்டாம் அறுவையைத் தேடிப் போவதும், எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்வதும், வெட்கப்பட்டு வருடாந்தரப் பரிசோதனையைத் தவிர்ப்பதும் அந்தத் தவறான தீர்ப்பிலிருந்து கிளம்பக்கூடியவை. இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளை ஆயுள்முழுக்கப் பார்த்துவர வேண்டிய ஒருவர் பரிசோதனைக்கு வராமல் இருப்பது, பத்து கிலோ கூடுதலாக இருப்பதைவிட ஆபத்து.

இரண்டாவது எதிர்வாதம் நமக்கு நெருக்கமானது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே ஆசியர்களுக்கு 23 என்ற எல்லையைக் குறிப்பிட்டது. 2022இல் சர்வதேச அறுவைச் சங்கங்கள் ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றன. அப்படியானால் இலக்கு இன்னும் கீழே அல்லவா இருக்க வேண்டும்? நோய் எங்கே தொடங்குகிறது என்பதும், அறுவை நடந்த உடல் எங்கே போய்ச் சேரும் என்பதும் இரண்டு கேள்விகள். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் யூட்கினும் 2004இல் தங்கள் உடல்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. நம்மவர்களுக்கு எடை எதையும் முழுதாகச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அப்படிப்பட்ட உடலில் இலக்கை இன்னும் ஐந்து கிலோ இறக்கினால் கரைவது வயிற்றுக் கொழுப்பா தசையா என்பது தராசுக்குத் தெரியாது. அறுவைக்குப் பின் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான் தேறும். இரண்டு இட்லியில் நிறைந்துவிடும் வயிற்றுக்காரர் கடைசி ஐந்து கிலோவைத் துரத்தினால் விலை கொடுப்பது கை கால் சதைதான். பி.எம்.ஐ. 30இல் சர்க்கரைக்காக அறுவை செய்துகொள்கிறவர் 22க்கு அருகில்கூட வந்துவிடலாம். அட்டவணை அவருக்கு முழு மதிப்பெண் போடும், அங்கே தசை போனது தெரியாமலே.

எனவே கணக்கின் தொடக்கப் புள்ளியை மாற்ற வேண்டும். உயரத்திலிருந்து கீழ்நோக்கிக் கழிக்காமல், அறுவை நாளின் எடையிலிருந்து சதவீதம் எடுக்க வேண்டும்; மொத்த எடை இழப்புச் சதவீதத்தை ஆய்விதழ்களும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டன. 150 கிலோ பெண்ணிடம், "இரண்டு ஆண்டில் 100, 110 வரை வரலாம், பத்தாம் ஆண்டில் 110, 120க்குள் நின்றால் இந்த அறுவை தன் வேலையைச் செய்துவிட்டது" என்று ஓர் இடைவெளியாகச் சொல்லலாம். இதைவிட நுணுக்கமாகச் சொல்லவும் வழி உண்டு. பிரான்ஸின் லீல் நகர ஆய்வாளர்கள் பல நாட்டு நோயாளிகளின் தரவை வைத்து 2023இல் வெளியிட்ட கணிப்புக் கருவி, வயது, உயரம், எடை, அறுவை வகை, புகைப்பழக்கம், சர்க்கரை உண்டா, எத்தனை வருடமாக உண்டு ஆகிய ஏழே விவரங்களிலிருந்து ஐந்தாண்டு எடைக் கோட்டை வரைந்து காட்டுகிறது. எடைக்கு அருகில் வேறு சில வரிகளும் ஃபைலில் இடம்பெற வேண்டும்: மூன்று மாத சர்க்கரை அளவு, இடுப்புச் சுற்று, இரவில் மூச்சுத் தடைபடுகிறதா, மாத்திரைகளில் எவை நின்றன, தரையில் உட்கார்ந்து கைத்தாங்கல் இல்லாமல் எழ முடிகிறதா. தொங்கும் தோலும் சில கிலோ இருக்கும். எந்த டயட்டாலும் அது கரையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

செமாக்ளுடைடு, டிர்செப்படைடு ஊசிகள் 2025இல் எடைக் குறைப்புக்கென இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்ட பிறகு, சமவெளியே தள்ளிவைக்கக்கூடியதாகிவிட்டதே என்று கேட்கலாம். ஆம், அறுவைக்குப் பின் ஏறிய எடையை ஊசியால் இறக்க முடிகிறது; பத்தாண்டு எண்கள் வரும்காலத்தில் மாறக்கூடும். ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது, மாதச் செலவு தொடர்கிறது. ஆகவே யாருக்கு அந்த ஊசி தேவை என்று முடிவுசெய்யும் அளவுகோல் இன்னும் முக்கியமாகிறது. 112 கிலோவில் சர்க்கரை கட்டுப்பட்டு, முழங்கால் வலியின்றி மாடிப்படி ஏறுகிற பெண்ணின் ஃபைலில் இலக்கு 64 என்று எழுதியிருந்தால் அவருக்கு அடுத்து மருந்துச்சீட்டு எழுதப்படும். 110 முதல் 120 என்று எழுதியிருந்தால், "அடுத்த வருஷம் பி12 பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள்.