யாரும் அழாத பிணம்: மூன்று நாவல்கள்

“நல்ல க்ரைம் நாவல் ஒண்ணு சொல்லுங்க, ஆனா இலக்கியமாவும் இருக்கணும்” என்று கேட்பவர்கள் உண்டு. விறுவிறுப்பும் வேண்டும், படித்து முடித்தபின் நேரத்தை வீணாக்கிவிட்டோம் என்ற எண்ணமும் வரக்கூடாது. நியாயமான ஆசைதான். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது மூன்று நாவல்கள். மூன்றும் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. முடிச்சுகளை இங்கே அவிழ்க்கப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை. முதலில் சாகிறவன் ஓர் ஆண், அவனுக்காக யாரும் அழுவதில்லை. வாசிக்கிற நாமும் அழுவதில்லை, “ஒழிஞ்சான்” என்றே நினைக்கிறோம். அந்த நினைப்புக்கு நாவல் நம்மிடம் பிறகு என்ன விலை கேட்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு க்ரைம் நாவலை எடை போடுகிறேன்.

முதலாவது, ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் வெளியிட்ட ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. நவோகி பரிசு பெற்றது, ஆங்கிலத்தில் 2011-இல் வந்தது. 2023-இல் ‘ஜானே ஜான்’ என்று இந்திப் படமாகவும் ஆனது. பென்டோ கடையில், அதாவது பொட்டலச் சாப்பாடு விற்கும் கடையில், வேலை செய்யும் யசுகோவைத் தேடி முன்னாள் கணவன் வருகிறான். பணம் கேட்கிறான், மிரட்டுகிறான், மகள் மேல் கை வைக்கிறான். தாயும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கணித ஆசிரியர் இஷிகாமி, “மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். இவ்வளவும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கொன்றது யார் என்பது நமக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியாது. இருந்தும் கடைசியில் ஏமாறுவது நாம்தான். அந்தக் கட்டுமானத்தில் ஓர் ஓட்டையும் கிடையாது.

ஆனால் எனக்கு இந்த நாவலோடு ஒரு சண்டை உண்டு. முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். இஷிகாமி ஆற்றங்கரை வழியாக வேலைக்கு நடந்து போகும் அந்தச் சில பக்கங்களை மறுபடி படியுங்கள். இந்த நாவல் தன் கண்ணீரை யாருக்குச் செலவிடுகிறது, யாருக்கு ஒரு சொட்டுகூடச் செலவிடவில்லை என்பது அப்போது புரியும். ஜப்பானிலும் இந்த நாவலைச் சுற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அசல் துப்பறியும் கதைக்கான விதிகளுக்கு இது உட்பட்டதா என்பது அங்கே பேசப்பட்ட முக்கியமான கேள்வி. என்னைக் கேட்டால் விதிகளைவிடப் பெரிய கேள்வி அந்தக் கண்ணீர்க் கணக்குதான். அதைப் பற்றி யோசிக்க வைப்பதே இதைப் படிப்பதற்குப் போதுமான காரணம்.

இரண்டாவது, நட்சுவோ கிரினோவின் ‘அவுட்’. 1997-இல் வந்தது, 2003-இல் ஸ்டீஃபன் ஸ்னைடர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இங்கேயும் பென்டோதான். ஆனால் இது கடை அல்ல, டோக்கியோவின் புறநகரில் இரவு முழுக்கப் பெட்டிகளில் சோறு அடைக்கும் தொழிற்சாலை. அங்கே நான்கு பெண்கள் நைட் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். ஒருத்தி, சேமிப்பையெல்லாம் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டு வந்து தன்னை அடித்த கணவனைக் கொன்றுவிடுகிறாள். உடலை அப்புறப்படுத்தும் வேலை சகதொழிலாளி மசாகோவின் குளியலறையில் நடக்கிறது.

கிரினோ இதை நட்பின் கதையாக எழுதவில்லை. ஒருத்தி மசாகோவிடம் கடன் பட்டிருக்கிறாள், படுக்கையில் கிடக்கும் மாமியாரை வேறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் உதவிக்கு வருகிறாள். இன்னொருத்தி கடன் கேட்க வந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறாள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேரம் நடக்கிறது. கன்வேயரில் சோறு நகர்வதை எழுதிய அதே நிதானத்தோடுதான் குளியலறையையும் எழுதுகிறார். வேலை என்றால் வேலை. அதைப் படிக்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. “செத்தவன் கெட்டவன்தானே” என்று ஆரம்பத்தில் நாம் போட்ட சமாதானம், பக்கம் போகப் போக நம் கையிலேயே நாறத் தொடங்கும். ஹிகாஷினோ கேட்காத விலையைக் கிரினோ வட்டியோடு வசூலிக்கிறார். முடிவு எனக்கு இன்னமும் உறுத்தலாக இருக்கிறது. கடைசிப் பகுதியில் வரும் வன்முறையும் ஆசையும் கலந்த காட்சிகள் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. இளகிய மனசுக்காரர்கள் யோசித்து எடுக்கவும்.

மூன்றாவது, போலந்தின் ஓல்கா டோகார்ச்சுக் 2009-இல் எழுதிய ‘டிரைவ் யுவர் ப்ளோ ஓவர் தி போன்ஸ் ஆஃப் தி டெட்’. தலைப்பு வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்தது. செக் எல்லையை ஒட்டிய மலைக்கிராமம், பனி. கதை சொல்லும் யானினா வயதானவர், ஜாதகம் கணிப்பவர், மிருகங்களை நேசிப்பவர். திருட்டு வேட்டைக்காரன் ஒருவன் மான் எலும்பு தொண்டையில் சிக்கிச் செத்துக் கிடக்கிறான். பிறகு வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மிருகங்கள் பழிவாங்குகின்றன என்கிறார் யானினா. ஊர் அவரைப் பைத்தியக்காரக் கிழவி என்று ஒதுக்குகிறது. மானைக் கொன்றால் அது விளையாட்டு, மனிதனைக் கொன்றால் மட்டும் அது குற்றமா என்று அவர் கேட்கும்போது நாம் தலையாட்டிவிடுகிறோம். எவ்வளவு தூரம் தலையாட்டினோம் என்பது கடைசியில்தான் தெரியும். மூன்றில் சிரிக்க வைப்பதும் இதுதான்.

எதில் தொடங்கலாம்? புதிர் பிடிக்கும் என்றால் ஹிகாஷினோ. இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். மொழிக்காகவும் குரலுக்காகவும் படிப்பவர்கள் டோகார்ச்சுக்கை எடுக்கலாம், முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்று அடம்பிடித்தால் ‘அவுட்’. இலக்கியமா க்ரைமா என்ற கேள்வி அதைப் படிக்கும்போது ஞாபகத்துக்கே வராது. நாளைக்குப் பொட்டலச் சாப்பாடு வாங்கும்போது, இதை எத்தனை மணிக்கு யார் நின்றுகொண்டே கட்டினார்களோ என்றுதான் தோன்றும்.