சனிக்கிழமை விளையாட்டு

கிளினிக் கொப்பியில் ஓட்டிசம் என்றோ ஏ.டி.எச்.டி. என்றோ எழுதப்பட்ட பிள்ளையை ஒரு விளையாட்டுக் குழுவுக்குக் கூட்டிப் போகும் தாய்க்கு இரண்டு விஷயங்கள் சொல்லப்படுகின்றன. பிள்ளை விளையாடட்டும் என்பது ஒன்று. விளையாட விளையாடச் சரியாகிவிடும் என்பது மற்றது. முதலாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவதைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல குழு எப்படி நடக்கும் என்பதை முதலில் பார்ப்போம். நாலு வயதுப் பையன் விளையாட்டு லொறியைக் கவிழ்த்துப் போட்டுச் சில்லைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். அனுபவமில்லாதவர் லொறியை நிமிர்த்தி, “இப்படி ஓட்டணும் தம்பி” என்பார். பையன் கத்துவான், அல்லது எழுந்து போய்விடுவான். தெரிந்தவர் அவனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, இன்னொரு லொறியைக் கவிழ்த்துத் தானும் சுழற்றுவார். பிறகு சட்டென்று நிறுத்துவார். பையனின் கையும் நிற்கும். ஓரக்கண்ணால் ஒரு பார்வை வரும், சிலவேளை ஒரு சத்தமும் வரும். அவர் மறுபடி சுழற்றுவார். இருவருக்கும் இடையில் பேச்சில்லாத ஓர் உரையாடல் தொடங்கிவிட்டது. அமெரிக்க மனநல வைத்தியர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் ‘ஃபுளோர்டைம்’ என்று பேர் வைத்துப் பரப்பிய முறையின் சாரமும் இதுதான்: பெரியவர் தரைக்கு இறங்க வேண்டும், பிள்ளை முன்னால் போக வேண்டும். சோற்றுக்கும் குளிப்புக்கும் உடுப்புக்கும் நாள் முழுக்க உத்தரவு கேட்டே வளரும் பிள்ளைக்கு, தன் விருப்பம் மதிக்கப்படும் ஒரு மணி நேரம் பெரிய விஷயம். இந்த முறையின் ஆகப் பெரிய பலம் என்று இதையே சொல்வேன்.

பலன் உண்டா என்று கேட்டால், நம் பக்கத்து ஆய்வொன்றே கைவசம் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 ஓட்டிசப் பிள்ளைகளின் குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2016இல் வெளியானது. பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்துப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, எந்த இடத்தில் பிள்ளையின் போக்கோடு போனார்கள், எந்த இடத்தில் குறுக்கே விழுந்தார்கள் என்று பேசினார்கள். பேசியவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கை அனுசரிப்பது கூடியது. பிள்ளை தானாகத் தொடங்கும் தொடர்பாடலும் கூடியது. ஆனால் இருவரும் ஒரே பொருளில் ஒன்றியிருக்கும் நேரம் கூடவில்லை, குறைந்திருந்தது. விளம்பரத் துண்டுகளில் இந்த மூன்றாவது வரி வராது.

2020இல் 150 ஆய்வுகளை ஒன்றாக்கி எடைபோட்ட ஒரு தொகுப்பாய்வின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். இயல்பான விளையாட்டுச் சூழலில் நடக்கும் முறைகளுக்கு மற்றவற்றைவிட நல்ல சான்று இருந்தது. அளவுகோலைக் கடுமையாக்கியபோது அந்தப் பலனும் சுருங்கியது. அந்த 150இல், சிகிச்சையால் பிள்ளைக்கு ஏதும் கெடுதல் வந்ததா என்று குறித்தவை மிகச் சிலவே. விளையாட்டுத்தானே, என்ன கெடுதல் வரப்போகிறது என்ற நினைப்பு ஆய்வாளர்களுக்கும் இருந்திருக்கிறது போலும்.

கெடுதல் எப்படி வரும் என்றால், விளையாட்டுக்குள் இலக்கை ஒளித்து வைப்பதால் வரும். பந்து வேண்டுமா, என் கண்ணைப் பார். நீர்க்குமிழி வேண்டுமா, ‘தாங்க’ என்று சொல். விளையாட்டு இங்கே கூலியாகிவிடுகிறது, பிள்ளைக்கும் அது தெரியும். கண்ணைப் பார்ப்பது பல ஓட்டிசப் பிள்ளைகளுக்கு வேதனை தருவது. அவர்கள் முகத்தைப் பார்க்காமலே காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். தாமும் ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும் ஓட்டிசக்காரரைப் புரிவதில்லை. அப்படியானால் பயிற்சி பிள்ளைக்கு மட்டும் ஏன்? சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டை உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. உரிமையாக இருப்பதை மருந்தாக மட்டும் கொடுத்தால், ‘குணம்’ தெரியாத பிள்ளையிடமிருந்து விளையாட்டையும் பிடுங்கிவிடுவார்கள்.

இனி இதெல்லாம் கண்டி மாவட்டத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம். 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று நால்வருக்கு ஓட்டிசம் என்று கண்டது, அதாவது 93 பேரில் ஒருவர். மாதிரி சிறியதுதான். ஆனால் கணக்கு பாதி சரியென்றாலும், நகரத்து மண்டபத்தில் சனிக்கிழமை பத்துப் பதினைந்து பேருக்கு நடக்கும் குழு யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாவட்டத்து மக்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் தமிழரும் முஸ்லிம்களும். பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்புக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை வளாகத்துக்குப் போக வேண்டும். தமிழில் வேலை செய்யக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் அரிது. வீட்டில் தமிழ், குழுவில் சிங்களமும் ஆங்கிலமும் என்றால், பேச்சுக்கே தட்டுத்தடுமாறும் பிள்ளை மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கிறது. பேசாத பிள்ளைக்கு எந்த மொழியானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு வருவதென்றால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கிளினிக்குக்கு ஒரு பேர், விளையாட்டுக் குழுவுக்கு இன்னொரு பேர் என்று அவளால் இழக்க முடியாது. ஆனால் தோட்டத்திலேயே பிள்ளை மடுவம் இருக்கிறது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை. தாய் கொழுந்தெடுக்கப் போகும் நேரமெல்லாம் பிள்ளை அங்கேதான், பார்த்துக்கொள்பவர் தமிழ் பேசும் பெண். இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு: தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து ஊழியர்களைப் பழக்கி, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் வீட்டுக்கே அனுப்புகிறது. பெரிய கட்டடத்தைவிடப் பழக்கிய ஆள் முக்கியம் என்பதே அங்கே பாடம். நகரத்துக் குழுக்கள் மாதத்தில் ஒரு நாளையாவது மடுவத்து ஊழியருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒதுக்கலாம்.

பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறக்குமதிப் பந்துத் தொட்டியும் வண்ணப் பாராசூட்டும் இல்லாமல் குழு நடக்காது என்று யார் சொன்னது? பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு குழி, மாறாத விதி, உன் முறை, என் முறை. அள்ளிப் போடும் அதே அசைவு திரும்பத் திரும்ப வரும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. ஓட்டிசப் பிள்ளைக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததுபோல இருக்கிறது. சிங்களவர் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெளியவும் இதே இனம்தான், ஆகவே இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரலாம். ஆனால் அதற்குப் பாவிக்கும் குன்றிமணி நஞ்சு. எதையும் வாயில் போடும் பிள்ளையிடம் புளியங்கொட்டைகூட ஆபத்து, தொண்டையில் அடைக்காத பெரிய மரக்காய்கள் வேண்டும்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். ஓடு பதித்த, எதிரொலிக்கும் மண்டபத்தில் இருபது பேர் கைதட்டிப் பாடினால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது விளையாட்டு அல்ல. எசல பெரஹரா நாட்களில் சாட்டையடியும் மேளமும் நகரத்தையே நிறைக்கும்போது, அந்தப் பிள்ளையை முன்கூட்டியே எப்படித் தயார்ப்படுத்துவது, எங்கே ஒதுங்க வைப்பது என்று சொல்லித் தரும் குழுவே கண்டிக்குப் பொருத்தமான குழு.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பணம் கட்டுமுன் நடத்துபவரிடம், “என் பிள்ளை இன்றைக்கு விளையாட மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பழக்கி எடுத்துவிடுவோம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். விடுவோம், பக்கத்தில் இருப்போம், நீங்களும் உள்ளே வந்து தரையில் உட்காருங்கள் என்று வந்தால், அங்கே சேர்க்கலாம்.