நெல்லித்தோப்பிலிருந்து சைகோன் வரை: தமிழில் அயல்நகர முதற்பார்வை

புதுச்சேரி நெல்லித்தோப்புக்காரர்களுக்குப் பாரீஸ் அவ்வளவு தூரத்து ஊர் அல்ல. விண்ணேற்பு அன்னை ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மகனோ மருமகளோ பிரான்சில் இருக்கும் வீடுகள் உண்டு. தாத்தா அன்றைய பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனில் வேலை பார்த்த வீடுகளும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவரை ஊர் 'சொல்தா' என்றே அழைக்கும். தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்த இந்த ஊர், தான் முதன்முதல் கண்ட அயல்நகரத்தைப் பற்றித் தமிழில் எழுதி வைத்தது எவ்வளவு? இந்தக் கேள்வியோடு நம் பயண இலக்கியத்தைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. போய்விட்டுத் திரும்பியவர்கள் நிறைய எழுதினார்கள். பிழைக்கப் போனவர்கள் நெடுங்காலம் எழுதவில்லை.

தொடக்கமே மௌனம்தான். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளையின் உறவினரான நைனியப் பிள்ளை புதுச்சேரிச் சிறையில் இறந்தபின், அவர் மகன் குருவப் பிள்ளை நீதி கேட்டுப் பிரான்சுக்கே கப்பலேறினார். அங்கே கிறித்தவரானார், செவாலியே பட்டம் பெற்றார், ஊர் திரும்பித் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்து 1724இல் மறைந்தார். பாரீசைக் கண்ட முதல் புதுச்சேரித் தமிழர்களில் ஒருவர் அவர். ஆனால் அந்த நகரம் அவர் கண்ணுக்கு எப்படிப்பட்டது என்று சொல்லும் ஒரு வரிகூட நாம் படிக்கக் கிடைக்கவில்லை. கடல் கடக்காத ஆனந்தரங்கப்பிள்ளையோ 1736 முதல் கால் நூற்றாண்டு தினப்படி எழுதி வைத்தார். எழுதும் பழக்கமும் பயணமும் ஒரே குடும்பத்தில் இருந்தும் ஒரே ஆளிடம் சேரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து லண்டன் போன ஜி. பரமேஸ்வரன் பிள்ளையும் டி. பி. பாண்டியனும் தாங்கள் கண்டதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். லண்டனில் சட்டம் படித்த வ.வே.சு. ஐயர், புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'இந்தியா' இதழுக்குத் தமிழில் எழுதினார். அவருக்கு லண்டன் ஓர் அரசியல் களம். தெருவையும் கடையையும் வேடிக்கை பார்க்கும் நிலையில் அவர் இல்லை. 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அயல்நகரத்தைத் தமிழ் வாசகருக்குத் தமிழிலேயே நிதானமாகக் காட்டியவர் ஏ.கே. செட்டியார். கோட்டையூர்க்காரர். ரங்கூனில் பத்திரிகை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1940இல் வெளிவந்த 'உலகம் சுற்றும் தமிழன்' இன்றும் படிக்கச் சலிக்காத நூல். நகரத்தின் முன் அவர் வாய்பிளந்து நிற்பதில்லை, பழிப்பதும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களில், தம்மைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுதுகிறார். புகைப்படக்காரரின் கண் அது என்பது என் எண்ணம்: சட்டகத்துக்குள் எதை விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதற்பார்வையை எழுதுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பிறருடைய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்துக் காப்பாற்றியவர் அவர்தான். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் இந்தத் துறையைப் பற்றி நாம் பேசுவதே கடினம்.

பின்னால் வந்தவர்களில் தி. ஜானகிராமனை முதலில் சொல்ல வேண்டும். ஜப்பானைப் பற்றிய 'உதயசூரியன்', கிழக்கு ஐரோப்பாவைப் பற்றிய 'கருங்கடலும் கலைக்கடலும்', ஆஸ்திரேலியாவைப் பற்றிய 'அடுத்த வீடு ஐம்பது மைல்' ஆகிய மூன்றிலும் கண்ணைவிடக் காது கூர்மையாக வேலை செய்கிறது. மணியனின் 'இதயம் பேசுகிறது' வார இதழ் வாசகர்களுக்கு உலகத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. அதன் வேகம் பிடித்திருந்தாலும் ஒரு நகரத்துக்கும் அடுத்த நகரத்துக்கும் வித்தியாசம் மனத்தில் நிற்பதில்லை. அசோகமித்திரனின் 'ஒற்றன்!' பெருநகரைப் பற்றியதல்ல, அயோவா சிட்டி என்ற பல்கலைக்கழக ஊரைப் பற்றியது. ஆனாலும் அந்நிய ஊரில் ஒருவன் அன்றாடம் படும் சங்கடங்களை அதுபோல் வேறெவரும் எழுதவில்லை.

இவர்கள் எல்லாருக்கும் திரும்பிவரும் தேதி இருந்தது. தேதி இல்லாமல் போனவர்களில் ப. சிங்காரம் அபூர்வமானவர். சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதில் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். வட்டிக்கடையும் கிட்டங்கியும், அங்கே வேலை பார்த்த அடுத்தாளும் பெட்டியடிப் பையனுமாக இயங்கிய உலகம் அது. 'புயலிலே ஒரு தோணி'யில் மேடான், பினாங்குத் தெருக்களுக்கு நடுவே மதுரைத் தெருக்கள் குறுக்கே வந்துகொண்டே இருக்கின்றன. புது நகரத்தில் நடப்பவன் பழைய நகரத்திலும் சேர்ந்தே நடக்கிறான். சுற்றுலா எழுத்தில் இது அகப்படாது. முதல் மாதக் கூலியும் தங்க ஓர் இடமும் கவலையாக இருக்கிறவன் கண்ணுக்கு மட்டும்தான் ஒரு நகரம் இப்படித் தெரியும்.

சைகோனுக்குப் போன புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சிங்காரம் கிடைக்கவில்லை. 1881 ஆணையின்படி, சொந்தச் சாதி சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் இந்தோசீனாவில் போலீஸ், சுங்கம், நீதிமன்றம் போன்ற அரசு வேலைகளுக்குப் போனார்கள். காரைக்கால் வணிகர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் தனியே போனார்கள். ஒழுங்கான துறைமுகம் இல்லாத புதுச்சேரியில் படகில் அலை கடந்துதான் கப்பலைப் பிடிக்க வேண்டும். சைகோனிலோ ஆற்று வழியாகக் கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும்.

இறங்கியவர் எதைப் பார்த்திருப்பார்? பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகள், பிரெஞ்சு அதிகாரிகள், 1880இல் கட்டி முடித்த பேராலயம், கத்தினா தெருவில் தமிழ் முஸ்லிம்களின் துணிக்கடைகள், கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில். லண்டனில் இறங்கிய சென்னைக்காரர் ஆளுகிறவனின் வீட்டுக்குள் நுழைந்தார். சைகோனில் இறங்கிய புதுச்சேரிக்காரரோ, தம்மைப் போலவே ஆளப்படுகிற இன்னொரு மக்களின் நகரத்துக்குள் பிரெஞ்சுக் குடிமகனாக, அதிகாரத்தின் ஆளாக நுழைந்தார். அந்தப் பெருமையும் கூச்சமும் உள்ளூர்க்காரரின் முறைப்பும் கலந்த முதற்பார்வை இந்திய மொழிகளின் பயண எழுத்துக்கே புதிதாக இருந்திருக்கும். அதைச் சொல்லாமலே அந்தத் தலைமுறை போய்விட்டது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அவர்கள் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து மீட்டு நத்தாஷா பெய்ரூடோ என்ற ஆய்வாளர் 2016இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

பாரீசின் கதை கொஞ்சம் மேல். ஸ்ட்ராஸ்பூரில் வாழும் புதுச்சேரி எழுத்தாளர் நாகரத்தினம் கிருஷ்ணா இரு கரைகளையும் இணைத்து நாவல்கள் எழுதிவருகிறார். ஈழத்திலிருந்து அகதியாகப் போன ஷோபாசக்தியின் கதைகளில் பாரீஸ் ஈபிள் கோபுரத்தில் தொடங்குவதில்லை. அகதி விண்ணப்பம், உணவகச் சமையற்கட்டு, லாச்சப்பல் தமிழ்க்கடைகள் என்று அந்த நகரத்தின் வேறொரு வாசல் திறக்கிறது. ஈழத்தமிழர் முப்பது நாற்பது ஆண்டுகளில் எழுதியதைப் புதுச்சேரித் தமிழர் ஒரு நூற்றாண்டில் எழுதவில்லை. பென்ஷனும் குடியுரிமையும் இருந்தவருக்குத் தம் கதையை யாரிடமும் நிரூபிக்கும் தேவை வரவில்லை. அகதிக்கோ கதை சொல்வதே பிழைப்புக்கு முதல் படி. காரணங்களில் இது ஒன்றாக இருக்கலாம்.

நூல்களில் இல்லாதது வீடுகளில் இருக்கக்கூடும்: கடிதங்கள், கப்பல் சீட்டுகள், ஸ்டுடியோவில் கோட்டுடன் நின்று எடுத்து அனுப்பிய படங்கள். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சைவ ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்ததுபோல இவற்றையும் யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டும், பேசுகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் காலம் அதிகமில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள 6 மாத அவகாசம் தரப்பட்டது. அப்போது இருபது வயதில் கையெழுத்திட்டுக் கப்பலேறியவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது.