அத்தான் என்று ஒருவன்

2024-இல் வந்த 'மெய்யழகன்' படத்தில் கதையென்று சொல்ல அதிகமில்லை. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள், பல வருடம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். யாரென்றே ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். நம் வீட்டு விசேஷங்களில் யாரும் மாட்டிக்கொள்ளாத சங்கடமா இது? இயக்குநர் பிரேம்குமார் இதை வைத்தே ஒரு ராத்திரியை ஓட்டிவிடுகிறார்.

மேடைக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். மணப்பெண், அண்ணன் அருள் தந்த பரிசை அங்கேயே பிரித்து, நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறாள். அருளாக வரும் அரவிந்த்சாமி பெரிதாக எதுவும் செய்வதில்லை. முகம் மெல்ல உடைகிறது, அவ்வளவுதான். 'அத்தான்' என்று ஒட்டிக்கொள்ளும் கார்த்தியோ மூச்சுவிடாமல் பேசுகிறார். எரிச்சலாகவும் இருக்கிறது, பிடித்தும் போகிறது. ஒரு பழைய சைக்கிளைப் பற்றிய விவரம் வந்தபோது சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பாதியில் வரலாறு, ஜல்லிக்கட்டு என்று பேச்சு நீள்கிறது. தியேட்டருக்கு வந்த சில நாளிலேயே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தாலும் குறையில்லை. கோவிந்த் வசந்தாவின் இசைக்காகவாவது, ஓடிடியில் பார்ப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள்.